ரலி சைக்கிளின் ஹப் டைனமோவுக்கு எல்இடி விளக்கு: மலைநாட்டுப் பாதைகளுக்கான முழுமையான வழிகாட்டி

2022இல் இலங்கையில் பெட்ரோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தபோதுதான் தாத்தாவின் ரலி சைக்கிளை லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னாலிருந்து வெளியே இழுத்தேன். தோட்டத்துத் தபால் பையை டவுனுக்கும் ஆபீசுக்குமாகச் சுமந்த வண்டி. டயர் போய்விட்டது, சங்கிலி துருப்பிடித்திருந்தது. ஆனால் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் நடுவிலிருந்த அந்தப் பெரிய, தகர டப்பா போன்ற ஹப், விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவை உள்ளே வைத்திருப்பது, இன்னும் கையைப் பிடித்துப் பிடித்து விட்டது. காந்தம் உயிரோடுதான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்தது.

யாழ்ப்பாணம்தான் சைக்கிள் ஊர். நமக்கு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சைக்கிள் என்றால் பாதித் தூரம் நாம் அதைத் தள்ளுவோம், மீதித் தூரம் அது நம்மைத் தள்ளும். இந்தக் கணக்குதான் விளக்கு விஷயத்திலும் வரும். தட்டையான ஊரில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு எழுதிய முறையை அப்படியே இங்கே செய்தால், ஏறும்போது விளக்கு எரியாது, இறங்கும்போது ஏதாவது புகையும். இரண்டையும் நான் பார்த்துவிட்டேன்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன?

நமது பழைய ரலி, ரட்ஜ், ஹம்பர் வண்டிகளில் காணப்படும் ஹப் டைனமோ, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த ‘டைனோஹப்’. 1936இல் 12 வோல்ட் வகையாகத் தொடங்கி, அப்புறம் 8 வோல்ட் ஆகி, கடைசியில் 6 வோல்ட், 2 வாட் என்ற அளவில் நிலைத்தது. அந்தக் கடைசி வகைக்கு ஜிஎச்6 என்று பெயர். 1984 வரை செய்தார்கள். நம் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். ஹப்பின் உடம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள், எழுத்து அடித்திருக்கும். பின் சக்கரத்தில் மூன்று கியரோடு சேர்ந்து டைனமோ இருந்தால் அது ஏஜி வகை. மின்சார வேலை இரண்டுக்கும் ஒன்றே.

உள்ளே இருப்பது எளிய அமைப்பு. அச்சில் அசையாமல் ஒரு செப்புக் கம்பிச் சுருள். அதைச் சுற்றி, ஹப்போடு சேர்ந்து சுழலும் வளையக் காந்தம், 20 துருவங்களோடு. சக்கரத்தை மிக மெதுவாகக் கையால் சுற்றினால் அந்த 20 பிடிகளையும் எண்ணலாம். பல் சக்கரம் ஏதும் இல்லை, டயரில் உரசும் உருளை இல்லை. மழையில் வழுக்கும் பாட்டில் டைனமோவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெளியே வருவது மாறுமின்சாரம், ஏசி. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். நடை வேகம், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு முக்கால் சுற்றுகூட இல்லை. ஒரு சுற்றுக்கு 10 அலை என்பதால், விநாடிக்கு ஆறு அலைதான். பழைய பல்ப் மேட்டில் நெருப்புக்குச்சி நுனிபோலத் துடிப்பது இதனால்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது அது விநாடிக்கு 50 அலையாகிவிடும், வோல்ட்டும் ஏறும்.

அப்படியானால் இறக்கத்தில் எல்லாம் எரிந்துபோக வேண்டுமே? இங்கேதான் ஹப்பின் நல்ல குணம் இருக்கிறது. வேகம் கூடக்கூட, சுருளே மின்னோட்டத்துக்குக் கொடுக்கும் தடையும் கூடும். ஆகவே ஓரளவு வேகத்துக்கு மேல் அது தரும் மின்னோட்டம் சுமார் 0.3 ஆம்பியர் என்ற இடத்தில் நின்றுவிடும். எல்இடிக்கு வேண்டியதும் அதுதான், வோல்ட்டைவிட மின்னோட்டம் அளவாக இருக்க வேண்டும். 1936இல் போட்ட வடிவத்துக்கும் இன்றைய எல்இடிக்கும் இப்படிப் பொருத்தம் அமைந்தது தற்செயல்தான், ஆனால் நமக்கு லாபம்.

ஹப்பைத் திறக்காதீர்கள்

டவுனில் நான் போகும் சைக்கிள் பாஸ், அதாவது மெக்கானிக், ஒருவர் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். வண்டியைக் கொண்டுபோய், “உள்ள சுத்தம் பண்ணலாமா பாஸ்?” என்று கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “வேணாம் தம்பி, கழட்டாதீங்க. கழட்டினா காந்தம் செத்துப்போயிரும். அப்புறம் அது வெறும் இரும்புதான்.”

அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துக் காந்தம் இன்றைய ஸ்பீக்கர் காந்தம் போலப் பிடிவாதமானது அல்ல. நடுவில் இருக்கும் சுருளின் இரும்பு வழியாகத்தான் அதன் விசை வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இரும்பை வெளியே எடுத்த கணமே காந்தம் கணிசமாக வலுவிழந்துவிடும். திரும்ப உள்ளே வைத்தாலும் போனது வராது, மறுபடி காந்தம் ஏற்றுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். கட்டாயம் பிரிக்க வேண்டியிருந்தால், சுருள் வெளியே வர வர அதே அளவு இரும்பு வளையம் ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இடைவெளியே விழக்கூடாது. அந்த வளையம் கையில் இல்லையென்றால் பேச்சே இல்லை.

பேரிங் ஆட்டம் இருந்தால் டைனமோ இல்லாத பக்கத்துக் கோனை, அதாவது பேரிங்கை இறுக்கும் கூம்பு நட்டை, மட்டும் தொட்டுச் சரிசெய்யுங்கள். குண்டுகளுக்குக் கிரீஸ் வைப்பதும் அந்தப் பக்கத்தோடு நிற்கட்டும்.

ஹப்பைச் சோதிப்பது

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். ஹப்பின் பக்கத்தில் சின்ன நட்டுகளோடு இரண்டு முனைகள் இருக்கும். பழைய வயரைக் கழற்றி, முனைகளை மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். நட்டை ஓங்கி முறுக்க வேண்டாம், அடியிலிருக்கும் காப்புத் தகடு இத்தனை வருஷத்தில் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும்.

மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளுக்கும் இடையே பாருங்கள். சில ஓம் காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் சைக்கிளின் வெற்று இரும்புக்கும் இடையே பாருங்கள். எதுவும் காட்டக்கூடாது. இந்த இரண்டாவது சோதனையை நான் முதல்முறை செய்யவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தைக் கையால் நன்றாகச் சுற்றுங்கள். சில வோல்ட்டாவது ஏறி இறங்க வேண்டும். கடைசிச் சோதனை, 6 வோல்ட் 0.25 ஆம்பியர் பல்ப் ஒன்றை நேராக மாட்டி, இருட்டியபின் சமதரையில் ஓட்டிப் பார்ப்பது. ஓரளவு மிதித்தால் மஞ்சள் வெளிச்சம் வர வேண்டும். எவ்வளவு மிதித்தும் சிவப்பிலேயே நின்றால், யாரோ ஒருவர் முன்பே ஹப்பைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்கும் எல்இடி எரியும், மேட்டில்தான் கஷ்டம்.

மூன்று வழிகள், அதில் ஒன்று

முதல் வழி, பழைய பல்ப் இருந்த இடத்தில் அப்படியே திருகக்கூடிய இ10 அளவு எல்இடி பல்ப். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வாங்கும்போது ஏசியிலும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். நான் இணையத்தில் வாங்கிய இரண்டும் டிசிக்கு, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கு, மட்டும்தான் என்பது மாட்டிய பிறகே தெரிந்தது. அலையில் பாதியை விழுங்கிவிட்டு, கண்ணைக் கொல்லும் துடிப்பு. இன்னொரு குறை, பழைய பிரதிபலிப்புக் கிண்ணம் ஒரு சின்ன இழைக்காகச் செய்தது. எல்இடி அதே புள்ளியில் உட்காராது, வெளிச்சம் சிதறும்.

இரண்டாவது வழி, டைனமோ சைக்கிளுக்கென்றே செய்த நவீன எல்இடி ஹெட்லைட். 6 வோல்ட் 3 வாட் என்று எழுதியிருக்கும். நமது 2 வாட் ஹப்பிலும் எரியும், வெளிச்சம் முழு அளவுக்கு வராது, அவ்வளவுதான். இரண்டு வயரை மாட்டினால் வேலை முடிந்தது. சாலைக்கு அளவாக வெட்டிய ஒளி, நின்றாலும் எரியும் வசதி எல்லாம் உள்ளேயே இருக்கும். கையில் காசும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆளும் இருந்தால் இதுவே நல்லது. மின்சைக்கிள் லைட்டுகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அவை டிசிக்கு.

மூன்றாவது, பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே நாமே எல்இடி வைப்பது. வண்டியின் முகம் மாறாது, மேட்டுக்குத் தகுந்தபடி நாமே அமைக்கலாம். இனி எழுதுவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

வேண்டிய சாமான்கள்

3 வாட் தாங்கும் வெள்ளை எல்இடி இரண்டு, 20 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டில் ஒட்டியபடி வருவது. அதன் மேல் வைக்கும் 20 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டு, ஒன்று குறுகிய ஒளிக்கு, மற்றது அகல ஒளிக்கு. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5819 ஷொட்கி டையோடு ஐந்து. 4700 மைக்ரோபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. வோல்ட் எல்லை மீறாமல் பிடிக்கும் 12 வோல்ட், 5 வாட் ஸீனர் டையோடு ஒன்று, 1என்5349 என்று கேளுங்கள். பின் விளக்குக்குச் சிவப்பு எல்இடி இரண்டு, 47 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 பாரட் 5.5 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் ஒன்று. 2.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, சின்ன சுவிட்ச் ஒன்று, 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, இரட்டை வயர், சூட்டில் சுருங்கும் குழாய்.

கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். இல்லாவிட்டால், பழுதான போன் சார்ஜர்களை உடைத்துப் பாருங்கள், ஷொட்கி டையோடு பெரும்பாலும் கிடைக்கும்.

ஏன் ஷொட்கிதான் வேண்டும் என்கிறேன்? கடையில் 1என்4007 சுலபமாகக் கிடைக்கும், மலிவு. ஆனால் மின்சாரம் ஒவ்வொரு தடவையும் இரண்டு டையோடு வழியாகப் போகிறது. சாதாரண டையோடில் ஒன்றுக்கு 0.7, 0.8 வோல்ட் என மொத்தம் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். ஷொட்கியில் அதில் பாதிதான். 230 வோல்ட்டில் ஒன்றரை போனால் யாருக்கும் கவலையில்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது மூன்றோ நான்கோ வோல்ட்தான் வருகிறது என்றால் அது பெரிய களவு.

முன் விளக்கு

பழைய விளக்கைத் திறந்து, கிண்ணத்தையும் பல்பையும் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வையுங்கள். கூட்டில் புதிதாகத் துளை போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வயர்த் துளையும் சுவிட்ச் துளையும் போதும். நாளைக்கு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் அரை மணி நேரத்தில் முடிய வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் அளவுக்கு அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, இரண்டு எல்இடியையும் பக்கம் பக்கமாக, வெப்பம் கடத்தும் பசையால் ஒட்டுங்கள். ஆளுக்குச் சுமார் ஒரு வாட். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறும். நுவரெலியா குளிரில் சூடு ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். வெளியே 10 பாகையாக இருந்தாலும், தகடு இல்லாத எல்இடி தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

இனி இணைப்பு. மெதுவாக வாசியுங்கள், ஒரு தாளில் வரைந்துகொண்டே வாசித்தால் இன்னும் நல்லது.

ஹப்பிலிருந்து வரும் இரண்டு வயரில் ஒன்றை விளக்கின் பழைய சுவிட்ச் வழியாக விடுங்கள். அங்கிருந்து, ஏசியை டிசியாக்குவதற்காக நான்கு ஷொட்கியால் கட்டிய பாலத்துக்கு இரண்டு வயரும் போகட்டும். பாலத்தைக் கட்டுவது இப்படி: இரண்டு டையோடின் கோடு போட்ட முனைகளைச் சேர்த்தால் அது பிளஸ். மற்ற இரண்டின் கோடு போடாத முனைகளைச் சேர்த்தால் அது மைனஸ். மிஞ்சிய முனைகளை, பிளஸ் பக்கத்து டையோடு ஒன்றோடு மைனஸ் பக்கத்து டையோடு ஒன்று என்று ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் ஹப் வயருக்கான இரண்டு இடங்கள்.

சுவிட்ச் பாலத்துக்கு முன்னால்தான் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. சுமையில்லாத ஹப் இறக்கத்தில் வோல்ட்டை எங்கேயோ கொண்டுபோகும். சுவிட்ச் முன்னால் இருந்தால் அந்த வோல்ட் ஹப்போடு நிற்கும், கெபாசிட்டரைத் தொடாது.

பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் குறுக்கே 4700 மைக்ரோபாரட் கெபாசிட்டர், மைனஸ் கோடு மைனஸ் பக்கம். அதே இடத்தில் ஸீனர், கோடு பிளஸ் பக்கம். சாதாரணமாக ஸீனர் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். ஓடும்போது எல்இடி வயர் அறுந்துவிட்டால் மட்டும் விழித்து, வோல்ட்டை 12இல் பிடித்துக்கொள்ளும். முதல் வண்டியில் ஸீனர் வைக்காமல் விட்டேன். கொட்டகலைக்கு இறங்கும்போது ஒரு சோல்டர் விட்டுப்போனது, கெபாசிட்டர் ‘டப்’ என்று வெடித்தது. கைப்பிடிக்கு முன்னால் புகையைப் பார்த்துக்கொண்டே பிரேக் பிடித்தது நல்ல அனுபவம் இல்லை.

பிளஸ்ஸிலிருந்து முதல் எல்இடி, அதன் மறுமுனையிலிருந்து இரண்டாவது எல்இடி, அதன் மறுமுனை மைனஸ். வரிசையாக இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் எடுக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்து ஹப்பின் 6 வோல்ட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. வேறு ரெசிஸ்டர் வேண்டாம், மின்னோட்டத்தை ஹப்பே அளந்து கொடுக்கிறது. இரண்டு எல்இடிக்கும் நடுவில் இருக்கும் சந்தியை நினைவில் வையுங்கள், அங்கிருந்துதான் பின் விளக்குக்கு மின்சாரம் போகும்.

மேட்டு சுவிட்ச்

இரண்டு எல்இடி வரிசையில் இருந்தால் 6 வோல்ட்டுக்கு மேல் வரும்வரை எதுவும் ஒளிராது. என் வண்டியில் ஓட்டமும் நடையுமாகத் தள்ளினால்தான் அது எரியத் தொடங்கியது. லயத்துக்கு ஏறும் பாதையில் ஓட்டமும் நடையுமா? மூச்சு வாங்கும்.

அதற்குத்தான் அந்தச் சின்ன சுவிட்ச். முதல் எல்இடியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, 2.2 ஓம் ரெசிஸ்டரோடு வரிசையாகச் சேர்த்து அதை மாட்டுங்கள். போட்டால் முதல் எல்இடி விலகிக்கொள்ளும், இரண்டாவது மட்டும் 3 வோல்ட்டிலேயே எரியும். தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் காலடிக்கு முன்னால் இருக்கும் பள்ளம் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் சுவிட்சை எடுத்துவிட்டால் இரண்டும் எரியும். அந்த ரெசிஸ்டர் இல்லாமல் விடாதீர்கள். சுவிட்ச் போடும் கணத்தில் கெபாசிட்டரில் சேர்ந்திருப்பது முழுவதும் ஒரே எல்இடி மேல் கொட்டும்.

இரண்டாவது எல்இடிக்குத்தான் அகல லென்ஸ் வைக்க வேண்டும். நடக்கும்போது தூரம் தெரிய வேண்டியதில்லை, பக்கத்துக் கான், அதாவது வடிகால், தெரிந்தால் போதும்.

வேகம் குறைவாக இருக்கும்போது வோல்ட்டை இரட்டிப்பாக்கும் கெபாசிட்டர் அமைப்பைச் சிலர் விரும்புவார்கள். செய்து பார்த்தேன். மேட்டில் நன்றாக இருந்தது, இறக்கத்தில் வெளிச்சம் பாதியானது. இறக்கத்தில்தானே நமக்கு வெளிச்சம் வேண்டும்? கழற்றிவிட்டேன்.

பின் விளக்கு, நின்றாலும் எரிவது

மழையில், பனிமூட்டத்தில், வளைவில் நிற்கும் சைக்கிள் பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியவே தெரியாது. முன் விளக்கைவிட இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன்.

முன்பு சொன்ன நடுச் சந்தியிலிருந்து ஒரு வயரும் மைனஸிலிருந்து ஒரு வயரும் பின்னால் போகட்டும். பின் விளக்குக்குள் நுழைந்ததும் சந்தி வயரில் ஐந்தாவது ஷொட்கி, கோடு பின்பக்கம் பார்த்தபடி. அப்புறம் சூப்பர் கெபாசிட்டர், பிளஸ் மைனஸ் பார்த்து. அதற்குக் குறுக்கே ஒவ்வொரு சிவப்பு எல்இடியும் தனித்தனி 47 ஓம் ரெசிஸ்டரோடு. இரண்டு எல்இடிக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைத்தால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது சோம்பேறியாகவும் எரியும்.

சந்தியில் 3 வோல்ட், டையோடில் கொஞ்சம் போய் 2.7. சிவப்பு எல்இடிக்கு 1.9 போதும். மிச்சமிருக்கும் 0.8 வோல்ட் 47 ஓமில் விழுந்து, எல்இடிக்கு 17 மில்லி ஆம்பியர். வண்டி நின்றபின் சூப்பர் கெபாசிட்டரில் சேர்ந்தது மெல்ல மெல்லக் கரைந்து, ஒரு நிமிஷத்துக்கு மேல் மங்கியபடி எரியும். லொறிக்கு ஒதுங்கி நிற்க அவ்வளவு நேரம் போதும். புறப்பட்ட முதல் அரை நிமிஷம் பின் விளக்கு தயங்கும், சூப்பர் கெபாசிட்டர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

உடம்பில் மின்சாரம் படக்கூடாது

இப்போது அந்த இரண்டாவது சோதனைக்கு வருகிறேன். பழைய விளக்குகளில் பல்பின் ஒரு முனை தகரக் கூட்டையே தொடும். ஒரு வயர் மிச்சம் என்று, சைக்கிள் இரும்பையே இரண்டாவது வயராகப் பாவித்தவர்கள் உண்டு. என் வண்டியிலும் யாரோ ஹப்பின் ஒரு முனையிலிருந்து போர்க்குக்கு, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு, ஒரு சின்ன வயர் இழுத்திருந்தார்கள், வர்ணத்துக்கு அடியில் தெரியவில்லை. நான் பாலத்தின் மைனஸை விளக்குக் கூட்டில் படவிட்டேன். அவ்வளவுதான், ஒரு டையோடுக்குக் குறுக்கே இரும்பு வழியாகக் குறுக்குப் பாதை. அலையில் பாதி அங்கேயே வீணாகி, வெளிச்சம் பாதியாகி, துடிப்பும் வந்துவிட்டது. இரண்டு நாள் எல்இடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ஹப் வயர் இரண்டும் இரும்பைத் தொடக்கூடாது, பிளஸ்ஸும் மைனஸும் நடுச் சந்தியும் இரும்பைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் மூடுவதற்கு முன், ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். எல்இடி ஒட்டிய அலுமினியத் தகட்டையும் சேர்த்து.

வயரும் மழையும்

வயரை போர்க்கின் பின்பக்கமாக ஏற்றி, கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒரு சுற்று தளர்வாக விடுங்கள். முழுக்க இடமும் முழுக்க வலமும் திருப்பிப் பார்த்த பிறகே கட்டுங்கள். பின்னால் போகும் வயர் கீழ்க் குழாயின் அடிப்பக்கமாகப் போய், மட்கார்ட்டின் உள்விளிம்பில் ஒளியட்டும்.

ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பதுளை பக்கம் என்றால் ஆண்டின் கடைசியில். எப்படியும் நனையப் போகிறது. தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது முடியாத காரியம், வந்த தண்ணீர் வெளியேற வழி வைப்பதே புத்தி. விளக்குக் கூட்டின் அடியிலிருக்கும் வயர்த் துளையைச் சிலிக்கோனால் முழுக்க அடைத்துவிடாதீர்கள். இணைப்புகளைச் சுருங்கும் குழாயில் மூடி, டையோடு கெபாசிட்டர் கூட்டத்துக்கு மட்டும் சிலிக்கோன் பூசுங்கள். ஹப் முனைகளில் நட்டை மாட்டிய பிறகு கொஞ்சம் வஸ்லின்.

விளக்கைக் குறிபார்த்து வைப்பது

இந்த வெளிச்சம் பழைய பல்பைவிடப் பல மடங்கு. எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான நமது பாதையில் அது விளையாட்டல்ல.

சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். விளக்கின் நடு, தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் நடு 15 மீட்டர் தூரத்தில் தரையைத் தொட வேண்டும் என்றால், 5 மீட்டரில் அது 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். எனவே சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, வேறொருவரைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு, ஒளியின் பிரகாசமான நடுவை அந்தக் கோட்டில் உட்கார வையுங்கள். எனக்குச் சக்கரம் சுற்றியது அக்கா மகன். “மாமா, கை வலிக்குது” என்று மூன்றாம் தடவை சொல்வதற்குள் நட்டை இறுக்கிவிட்டேன்.

பனிமூட்டத்துக்கு மஞ்சள் எல்இடி வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூட்டத்தின் நீர்த்துளி எந்த நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வித்தியாசம் தருவது நிறமல்ல, விளக்கின் உயரம். கண்ணுக்கு எவ்வளவு கீழே விளக்கு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த வெள்ளைத் திரை குறையும். கைப்பிடியில் இருப்பதைவிட போர்க்கின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது மூட்டத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே சேறு அடிக்கும், சுவரோரம் சாய்த்து வைத்தால் முதலில் நசுங்குவதும் அதுதான். நான் கைப்பிடியிலேயே விட்டுவிட்டேன். நானுஓயா பக்கம் மூட்டம் இறங்கினால் மேட்டு சுவிட்சைப் போட்டுவிடுவேன், குறுகிய ஒளி அணைந்து அகல ஒளி மட்டும் நிற்கும், திரை பாதி விலகும். இந்த உபயோகம் நான் திட்டமிட்டதல்ல.

முதல் வாரம் ஓட்டியபின் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அச்சு நட்டுகளை முக்கியமாக. அச்சு தளர்ந்து சுருளோடு சேர்ந்து சுழன்றால் ஹப் முனையில் வயர் முறுக்கி அறும், பாதி இறக்கத்தில்.